ஆறு நிற்பதற்குள்

என் உயிர் அக்காவுக்கு,

உட்கார்ந்தால் நிலைகொள்ளவில்லை. உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டில் என் ஜெராக்ஸ் கடையில், மிஷின் மேல் தாளை வைத்து நின்றுகொண்டே எழுதுகிறேன். நீ நம் தோட்டத்து வேப்ப மரத்தில் இருக்கிறாய். அஸ்தி வீட்டுக்குள் இருக்கக் கூடாது என்று அம்மா உன் கலசத்தை மஞ்சள் துணியில் முடிந்து கிளையில் கட்டியிருக்கிறாள். காற்று பலமாக அடித்தால் எனக்கு இங்கே கை ஓடுவதில்லை.

எல்லாம் ஒரு வார்த்தையால் வந்த வினை. தை மாதம் மூச்சுத் திணறி நீ போன பிறகு, உன் வீட்டுக்காரர் ஆந்த்ரெய் மாமா போனில் அழுதார். உன்னிடம் கற்ற தமிழ்தானே, அழுகையும் நம் ஊர் பேச்சிலேயே வந்தது. "அம்மா, அவ ஆத்துல கரைக்கச் சொன்னா. ஆறு இப்ப நின்னுகினு கீது. கிளம்பட்டும், கரைக்கிறேன்."

ஆறு உறைந்தால் நின்றுவிட்டது என்றும், பனி உடைந்து நகர்ந்தால் கிளம்பிவிட்டது என்றும் சொல்வது உன் ரஷ்ய ஊர்க்காரர்களின் வழக்கம். பாலாற்றுக்காரிக்கு அது எங்கே தெரியும்? ஆறு நின்றால் காய்ந்துவிட்டது என்றுதான் அம்மாவுக்கு அர்த்தம்.

"தண்ணி இல்லாத ஊர்லயா எம் பொண்ணு வாக்கப்பட்டா? போய்க் கூட்டிக்கினு வாடி. திருமுக்கூடல்ல மூணு ஆறு சேருது, அங்க கரைப்போம்" என்று ஒரே பிடிவாதம்.

வந்தேன். உன் ஆற்றின் மேல் நடந்தேன் அக்கா. பனியில் துளை போட்டு ஆளுக்கொரு முக்காலியில் உட்கார்ந்து மீன் பிடிக்கிறார்கள், ஒருத்தரோடு ஒருத்தர் பேசுவதில்லை. அங்கிருந்தே அம்மாவுக்குப் போன் போட்டேன். "காயலம்மா, ஒறைஞ்சி கீது. மேல காரே ஓடுது."

"கார் ஓடுற ஆத்துல தண்ணி ஏதுடி? நம்ம பாலாத்துலயுந்தான் லாரி ஓடுது."



உன் ஊர் சிரிக்காத ஊர். ரொட்டிக் கடைக்காரம்மா என்னை முறைத்துக்கொண்டே இருந்தாள். டாக்டரம்மாவின் தங்கை என்று மாமா சொன்னதும் ஒரு ஜாடி வெள்ளரிக்காய் ஊறுகாயை என் பையில் திணித்தாள். அப்போதும் சிரிக்கவில்லை, கண் மட்டும் கலங்கியிருந்தது.

மாமா என்னைப் பரணுக்கு ஏற்றி, சுவர் மரங்களில் கறுப்பாக எழுதியிருந்த எண்களைக் காட்டினார். அவர் தாத்தா காலத்தில் அணை கட்டியபோது பழைய ஊர் முழுகப்போகிறது என்று சொன்னார்களாம். சனங்கள் மர வீடுகளைப் பிரித்து, மரத்துக்கு மரம் எண் போட்டு, தெப்பமாகக் கட்டி ஆற்றிலேயே மிதக்கவிட்டுக் கொண்டுவந்து இந்த மேட்டில் திரும்பப் பூட்டினார்களாம். இதை நீ முன்பு சொன்னபோது வீடு வெள்ளத்தில் போய்விட்டதென்று அம்மா ஒப்பாரி வைத்தாளே, ஞாபகம் இருக்கிறதா?

"வூடு வந்துச்சு. செத்தவங்க வரல. பொதைச்ச எடம் தண்ணிக்குள்ளயே கீது" என்றார் மாமா. வருஷா வருஷம் படகில் போய் அங்கே பூப் போடுவார்களாம். நீயும் போவாயாம். அந்த இடத்தில்தான் உன்னைக் கரைக்கச் சொன்னாயாம். வீட்டுக் கதையைச் சொன்னவள் இதை மட்டும் ஏன் அக்கா சொல்லவில்லை?

கிளம்பும்போது கலசத்தை மாமாவே துடைத்துக் கொடுத்தார். "அம்மா கேட்டா குடுக்கணும்" என்றார்.

இங்கே வந்தால், திருமுக்கூடலில் மூன்று ஆறும் மணல். ஊற்று தோண்டி அதில் கரைத்துவிடலாம் என்றார்கள். "குழித் தண்ணியில வுட்டா எங்க போவா அவ?" என்று அம்மா சீறினாள். கடலுக்கும் ஒப்பவில்லை. பங்குனி போய்ச் சித்திரையும் வந்துவிட்டது. தினமும் மாமா போனில், "அங்க ஆறு வந்துச்சா?" என்பார். நான், "அங்க கிளம்புச்சா?" என்பேன்.

நேற்றுக் காலை வீடியோவில் வந்தார். கிளம்பிவிட்டது. வீட்டளவு பனிப்பாளங்கள் முட்டி மோதிக்கொண்டு போகின்றன. ஊரே வேலையைப் போட்டுவிட்டுக் கரையில் நிற்கிறது. ரொட்டிக் கடைக்காரம்மாகூட நின்றாள். மாமா மட்டும் வெறுங்கையைப் பிசைந்துகொண்டிருந்தார்.

அம்மா போனைப் பிடுங்கினாள். "இவ்ளோ தண்ணியா? நின்னுடுச்சின்னீங்களே, மாப்ளே?"

"நின்னுச்சும்மா. இப்ப போவுது."

நான் வந்து சொன்ன கதை அப்போதுதான் அவளுக்கு உறைத்திருக்க வேண்டும். "உங்க பூட்டன் பூட்டியெல்லாம் அதுக்குள்ளயா கீறாங்க?"

"ஆமாம்மா."

அம்மா போனை என்னிடம் நீட்டினாள். பிறகு எழுந்து தோட்டத்துக்குப் போய் வேப்ப மரத்தடியில் நின்று, அண்ணாந்து உன்னிடம் பேசினாள். "எனக்கு இன்னாடி தெரியும்? நின்னுடுச்சின்னா காஞ்சதுன்னு நெனச்சிக்கினேன்." பிறகு என் பக்கம் திரும்பி, "எறக்கு. அவள அவ வூட்டுல கொண்டுபோய் வுடு" என்றாள். நான் ஓவென்று அழுதுவிட்டேன்.

விசாவுக்கு இன்று எழுதிப் போட்டேன், அது வரும்வரை நீ மரத்திலேயே இரு. இழுத்தடித்தாலும் விடமாட்டேன். ஐப்பசிக் குளிர் வந்து உன் ஆறு மறுபடி நிற்பதற்குள் உன்னைக் கொண்டுவந்து சேர்ப்பேன். இந்த முறை அம்மாவும் வருகிறாள், படகில் உன் பக்கத்தில் உட்கார்ந்து வர.

உன்னைக் கூட்டிவந்தவளும் கூட்டிப்போகிறவளுமான
உன் தங்கச்சி