இடது தோளில் வந்த வலி

ஹாரன் சத்தத்தை வைத்தே யார் வண்டி என்று சொல்லிவிடும் என் அண்ணாவுக்கு,

நல்லா இருக்கிறாயா என்று கேட்டுத்தான் எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கம். உன்னிடம் அதை எப்படிக் கேட்பது? நேராக விஷயத்துக்கு வருகிறேன். நீ போனதற்கு மாரடைப்பு என்று காரணம் சொன்னார்களே, அது இல்லை என்று இப்போது நினைக்கிறேன்.

போன மாதம் விழுப்புரத்தில் என் வார்டுக்கு ஆரோக்கியராஜ் என்று ஒரு லாரி டிரைவர் வந்து சேர்ந்தார். விக்கிரவாண்டிக்காரர். உன்னைப் போலவே ஒடிசாவுக்கு லோடு ஏற்றிப் போய் மலேரியாவோடு திரும்பியவர். வரும்போது நினைவே இல்லை. ஊசி மருந்து ஏற்றியதில் கண் திறந்து, காய்ச்சல் இறங்கி, இட்லி கேட்கும் அளவுக்குத் தேறினார். மாதா கைவிடவில்லை என்று அவர் மனைவி ஸ்டெல்லா பக்கத்துக் கட்டில்காரர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

மலேரியாவில் மண்ணீரல் வீங்கும். இடது விலாவுக்குக் கீழே கை வைத்தாலே தட்டுப்படும். அப்படி ஒருவர் படுத்திருந்தால் மருத்துவம் படிக்கும் பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். பரீட்சைக்கு வரும் என்று வரிசையில் நின்று ஆளுக்கு ஒருமுறை அமுக்கிப் பார்ப்பார்கள். படிக்கிற காலத்தில் நானும் அமுக்கியவள்தான். இவரும், "பாத்துக்கங்க, படிக்கற புள்ளைங்க" என்று சட்டையைத் தூக்கிக் காட்டியிருக்கிறார்.

மறுநாள் மதியம் ரவுண்ட்ஸ் போனேன். மனிதர் வெளிறிப் போயிருந்தார். நாடி படபடவென்று ஓடியது. என் ஜூனியர் டாக்டர் இசிஜி எடுத்து வைத்திருந்தார். இதயத்தில் கோளாறு இல்லை. ரத்த அளவு மட்டும் இறங்கியிருந்தது. மலேரியா மருந்துக்குப் பிறகு சிலருக்கு ரத்த அணுக்கள் உடையும், அதுவாக இருக்கும் என்றார் அவர். ஆனால் சிறுநீர் கருக்கவில்லை, கண் மஞ்சளாகவில்லை. ஸ்டெல்லா கணவருடைய இடது தோளில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"தோள்ல என்ன?" என்று கேட்டேன்.

"சுளுக்கு டாக்டரம்மா. காத்தாலேருந்து வலிக்குதுன்றாரு. வண்டி ஓட்றவரு, வலிக்காம இருக்குமா? பெருமுக்கல்லேருந்து சுளுக்கு வழிக்கறவர எங்க மாமா இட்டுக்கினு வர்றாரு. விலா வரைக்கும் நீவி வுட்டார்னா ஜல்தியா சரியாப்பூடும்."

"எதுனா வெயிட் தூக்கினாரா? கீழ விழுந்தாரா?"

"கட்டில வுட்டு எங்க எறங்கினாரு?"

கட்டிலை விட்டு இறங்காதவருக்கு ஏது சுளுக்கு? உன் ஞாபகம் வந்தது அண்ணா. உனக்கும் இடது தோள்தானே? காய்ச்சல் விட்ட மறுநாள், தோளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். அம்மா எண்ணெய் காய்ச்சித் தேய்த்தாள். நான் அப்போது பள்ளிக்கூடத்துப் பெண். டிரைவருக்குத் தோள் வலிப்பதில் என்ன அதிசயம்? சாயங்காலத்துக்குள் நீ இல்லை.

வீங்கிய மண்ணீரல் லேசாக அமுக்கினாலே, சில சமயம் தானாகவேகூட, கிழியும். கிழிந்தால் ரத்தம் வயிற்றுக்குள் கசிந்து, நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் இருக்கும் தசையை உறுத்தும். அந்த வலி இடது தோளில் போய்த் தெரியும். எப்போதோ படித்தது. மலேரியாவில் இப்படி ஆன ஒருவரை அதுவரை நான் கண்ணால் பார்த்ததில்லை.

"இனிமே யாரும் இவர் வயித்துல கை வைக்கக் கூடாது" என்றேன். வார்டு முழுக்கக் கேட்டிருக்கும். ஸ்கேனில் பார்த்தால் மண்ணீரலைச் சுற்றிலும் ரத்தம். சர்ஜன் வந்து பார்த்து, "பிரஷர் இறங்காம இருந்தா காத்திருப்போம். இறங்கினா எடுத்துடணும்" என்றார்.

ஆபரேஷன் தியேட்டரைத் தயாராக வைத்தோம். ரத்தம் ஏற்றினோம். பிரஷர் ஏறும், இறங்கும். மிஷின் ஒவ்வொரு முறை கத்தியபோதும் எனக்கு உயிர் போய் வந்தது. அவர் இருமப் போனால்கூட மெல்ல, மெல்ல என்று கெஞ்சினேன். எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்த பெருமுக்கல்காரரை வாசலிலேயே மறித்தேன். அவர் கோபித்துக்கொள்வார் என்று பார்த்தால், இன்னும் ரத்தம் வேண்டும் என்றதும் முதலில் கையை நீட்டியவர் அவர்தான்.

விளக்கு வைக்கும் நேரத்துக்குப் பிரஷர் நிலைக்கு வந்தது. மறுநாளும் இறங்கவில்லை. வெட்டாமலே பிழைத்துவிட்டார் அண்ணா. வீட்டுக்குக் கிளம்பும்போது வண்டி எப்போது எடுக்கலாம் என்று கேட்டார். நான் சொல்லும்வரை ஸ்டியரிங் பக்கம் போனால் காலை உடைப்பேன் என்றேன். உன்னைத் திட்ட முடியாததையும் சேர்த்துத்தான் திட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை திண்டிவனம் போனேன். சொல்லலாமா, கூடாதா என்று பஸ்ஸில் வழி நெடுக யோசனை. அம்மா மல்லாட்டை உரித்துக் கடலையை முறத்தில் போட்டுக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு முறத்தைத் தள்ளி வைத்தாள்.

"அப்போ நான் தேய்ச்சதுனால போய்ட்டானா?"

"இல்லம்மா. தோள்ல தேய்ச்சா ஒண்ணும் ஆவாது. அது உள்ள கிழிஞ்சது."

"தேய்க்கறப்போ நல்லாகீதும்மான்னு சொன்னான்" என்றாள்.

அப்புறம் அழுதாள். நானும் அழுதேன். அன்றைக்கு ஒருத்தர், ஒரே ஒருத்தர், உன் வயிற்றை ஸ்கேன் பண்ணிப் பார்த்திருந்தால்?

அண்ணா, இது நான் உனக்குக் கொடுக்கும் வாக்கு. மலேரியாவோடு வரும் எந்த டிரைவர் தோள் வலிக்கிறது என்றாலும், அதைச் சுளுக்கு என்று நானும் சொல்ல மாட்டேன், என் வார்டில் யாரையும் சொல்ல விடவும் மாட்டேன். மண்ணீரலை அமுக்கிப் பார்க்க வரிசையில் நிற்கும் பிள்ளைகளுக்கு முதலில் உன்னைப் பற்றிச் சொல்வேன். அதற்கப்புறம் அவர்களுக்குக் கை தானாகவே மெதுவாகும்.

என்றைக்கும் உன் கூடப்பிறந்தவள்,
தங்கச்சி