முழங்கால் தெரியவில்லை

உன் மனைவி கொடுத்தனுப்பிய பையைத் திறந்ததும் ஏலக்காய் வாசம் அடித்தது. உள்ளே ஒரு கட்டுப் படங்கள், அவற்றோடு நூலில் கட்டிய உன் பென்சில் துண்டு. அது போன வாரம். இன்று அவற்றை வைத்துச் செய்தியை எழுதி முடித்துவிட்டேன். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

இருபது வருஷம் நான் செய்தி எழுதினேன், நீ படம் எடுத்தாய். ஒவ்வொரு படத்தின் பின்னாலும் ஊர், ஆள், நேரம் என்று பென்சிலால் குறித்துவைப்பாய். பத்திரிகைக்கு உன் கேமரா தேவைப்படாமல் போனதும் தேனியில் அந்தக் கம்பெனியில் சேர்ந்தாய். படத்தில் இருப்பவரின் தோள், முழங்கை, இடுப்பு, முழங்கால் என்று மூட்டுக்கு மூட்டுப் புள்ளி வைக்கும் வேலை. அந்தப் புள்ளிகளை வைத்துத்தான் ஆள் நிற்கிறாரா, குனிகிறாரா, படுத்திருக்கிறாரா என்று கம்ப்யூட்டர் கற்றுக்கொள்ளும். "ஆயுசு பூரா ஆளுகளப் பாத்ததுக்கு இப்பத்தாம்ப்பா மரியாத" என்று சிரித்தாய்.

போடி ஏலக்காய்க் கூடத்துப் படங்கள் வந்தன. காய் தரம் பிரிக்கும் பெண்கள் தரையில் ஒரு காலை மடக்கி, மறுகாலைக் குத்துக்காலிட்டு, மேலே சேலையை இழுத்துவிட்டு உட்கார்ந்திருந்தார்கள். முழங்கால் எங்கே என்று உனக்கே தெரியவில்லை. படங்களை அச்செடுத்து, பின்னால் குறித்து, உன் கம்பெனி மேனேஜரிடம் கேட்டாய். அவன் சொன்னபடி வைத்தாய்.

அந்தப் புள்ளிகளில் கற்ற கம்ப்யூட்டரோடு கூடத்தில் கேமரா மாட்டினார்கள். அசையாமல் உட்கார்ந்து காய் பொறுக்கியவர்களை அது தூங்குவதாகச் சொன்னது. அதை நம்பிக் கூடத்து முதலாளி பதினோரு பெண்களை வேலையைவிட்டு நிறுத்தினார். கண் மங்கிய கிழவன் தப்பாகப் புள்ளி வைத்துவிட்டான் என்று மேனேஜர் கை கழுவினான். அந்தப் பெண்கள் உன் வாசலுக்கு வந்தார்கள். "எங்க கலியாணத்துக்கெல்லாம் படம் எடுத்தீகளே அண்ணே, நாங்க எப்படி உக்காருவோம்னு ஒங்களுக்குமா தெரியாது?" என்றாள் ஒருத்தி. நான் எழுதட்டுமா என்று கேட்டேன். "வச்சது ஏங் கைதானப்பா" என்றாய். மூன்று மாதத்தில் நெஞ்சுவலி உன்னைக் கொண்டுபோனது.

பையிலிருந்த படங்களைத் திருப்பினேன். ஒவ்வொன்றிலும் உன் பென்சில் எழுத்து: 'இரண்டு முழங்காலும் சேலைக்குள். தெரியவில்லை.' அதன் கீழே பேனாவில், கையெழுத்தோடு அந்த மேனேஜர்: 'ஊகித்து வை.'

நாளை வரும் செய்தியை நிறுத்தச் சொல்லி இன்று காலை என் வீட்டுக்கு வந்தான். "செத்தவுக பேர எதுக்கு சார் இழுக்கணும்" என்றான். நான் தரையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கழுத்துவரை போர்வையைப் போர்த்திக்கொண்டேன். உன் பென்சிலை அவனிடம் நீட்டி, என் வலது முழங்கால் எங்கே என்று தொட்டுக் காட்டச் சொன்னேன். குனிந்து தொட்டான். அது என் முழங்கை.

"ஊகிச்சுத்தான சார் காட்ட முடியும்?"

பென்சிலை வாங்கி அதையும் குறித்துக்கொண்டேன். தலைப்பெழுத்தோடு பெயரைக் கேட்டேன். அதற்குள் செருப்பை மாட்டியிருந்தான். பரவாயில்லை, உன் படங்களில் இருக்கிறது.

அந்தப் பெண்களுக்கு வேலை திரும்பக் கிடைக்குமா, தெரியவில்லை. தெரியாததை நான் எழுதவில்லை. அவன் பெயர் தெரியும், முழுசாக எழுதியிருக்கிறேன். பென்சில் என் சட்டைப் பையில் இருக்கிறது. இன்னும் இரண்டு விரல் நீளம் மிச்சம். கூடத்து முதலாளியின் பெயருக்கு அது போதும்.