உப்பு ஜாடியில் நான் மாற்றியது

மேற்கு தாம்பரம்,
புதன்கிழமை

அன்புள்ள சோயா அக்காவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உங்கள் அத்தா திங்கட்கிழமை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டார். இதயத்துடிப்பு சீராகிவிட்டது. டிவி சத்தத்தைக் குறைத்தால் பழையபடி கத்துகிறார், அல்ஹம்துலில்லாஹ். இதெல்லாம் போனில் சொன்னதுதான். சொல்லாத ஒன்று இருக்கிறது. உங்கள் முகத்தைப் பார்த்தால் வாய் வராது என்று எழுதுகிறேன். வெள்ளியன்று ஷார்ஜா திரும்பும் என் தம்பி சாஹில் கொண்டுவந்து தருவான்.

மாமாவின் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறியதற்கு இளநீர்தான் காரணம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். டாக்டர் விசாரித்தபோது, மாமா கெஞ்சியதால் அரை டம்ளர் கொடுத்ததாக மாமி அழுதுகொண்டே ஒப்புக்கொண்டார்கள். நீங்களும் வீடியோ காலில், "அத்தாவக் கொல்லப் பாத்தியாம்மா?" என்று கேட்டுவிட்டீர்கள். நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன்.

அக்கா, உப்பை மாற்றியது நான்.

கிட்னிக்காக உப்பைக் குறைத்ததிலிருந்து மாமா தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துகொண்டிருந்தார். நாவலூர் சூப்பர் மார்க்கெட்டில் சோடியம் குறைந்த உப்பைப் பார்த்தேன். சோடியத்துக்குப் பதில் பாதி பொட்டாசியம். தனிம வரிசை அட்டவணையில் இரண்டும் ஒரே தொகுதி, மேல் கட்டமும் கீழ்க் கட்டமும். குணமும் ஒன்றுபோல இருக்கும் என்று பத்தாம் வகுப்பில் வருஷா வருஷம் தொண்டை கிழிய நடத்துகிறவள் அல்லவா? என் அறிவை நானே மெச்சிக்கொண்டேன். மாமி ஏதாவது சொல்வார்கள் என்று, கேட்காமலே பழைய உப்பு ஜாடியில் கொட்டிவைத்தேன். மூன்று வாரம் அதைத்தான் அவர்கள் அள்ளிப் போட்டார்கள். ருசி திரும்பிவிட்டது என்று மாமா மேலும் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டார்.

ஒரே தொகுதியானாலும் தண்ணீரில் போட்டால் சோடியம் சீறும், பொட்டாசியம் தீப்பற்றும். அதையும் நான்தான் நடத்துகிறேன். பழுதான கிட்னியால் பொட்டாசியத்தை வெளியேற்ற முடியாது. பாக்கெட்டின் பின்பக்கம் எச்சரிக்கையே அச்சாகியிருந்தது. டீச்சர் படிக்கவில்லை.

டாக்டர் கேட்டதுமே எனக்குப் புரிந்துவிட்டது. மறுநாள் தனியாகப் போய் அவரிடம் சொன்னேன். அரை டம்ளர் இளநீர் மட்டும் இவ்வளவு செய்திருக்காது என்றார். வீட்டில் மட்டும் மூச்சு விடவில்லை.

மாமி அடுப்படிக்கு வருவதே இல்லை. "என் கை வேணாம்மா, படிச்ச புள்ள நீ, நீயே ஆக்கு" என்று ஒதுங்கிவிட்டார்கள். பார்க்க வருகிறவர்களிடம், "எம் மருமவ கெமிஸ்ட்ரி டீச்சரு, அவ இருக்கப்போய்தான் மனுஷன் பொழச்சாரு" என்கிறார்கள். நான் பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு அழுகிறேன். இவ்வளவு கேவலமானவளா நான் என்றிருக்கிறது.

நாளை காலை மாமியிடம் சொல்லிவிடுவேன். ஆனால் அவர்கள் நம்பமாட்டார்கள். என்னைக் காப்பாற்ற, இளநீர்தான் என்று சாதிப்பார்கள். அதனால் இதைப் படித்ததும் நீங்களும் மாமியைக் கூப்பிடுங்கள். என்னைத் திட்டுவது பிறகு இருக்கட்டும். அன்றைக்குக் கேட்ட கேள்வியை முதலில் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். ஜாடியைக் கழுவிப் பழைய உப்பையே நிரப்பி வைத்திருக்கிறேன். அதில் அவர்கள் கை படவேண்டும்.

உங்கள் துஆவில் எனக்கு இடமில்லாவிட்டாலும் பரவாயில்லை, உங்கள் அம்மாவை விட்டுவிடாதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் தம்பி மனைவி
ஃபஹீமா