யோகராணி அக்காவின் ஊசி

5 மார்ச் 2013

இன்றும் மூன்று பேர் பாதியில் போனை வைத்துவிட்டார்கள். சலரோகக்காரரை, அதுதான் சீனி வருத்தக்காரரை, வாரத்துக்கு ஒருமுறை போனில் கூப்பிட்டு, சாப்பாடு, நடை, ஊசி என்று கதைத்து வழிக்குக் கொண்டுவருவதுதான் என் வேலை. பாரிஸில், லா சப்பலில் ஜன்னல் இல்லாத ஒரு அறை. பிரெஞ்சில் எழுதிய கேள்விகளை அப்படியே தமிழாக்கித் தந்திருக்கிறார்கள். முதல் கேள்வி: "உங்கள் உடல்நல இலக்கு என்ன?" எங்கடை சனம் பொலிஸ் எண்டு நினைக்காதோ? 'சாப்பிட்டாச்சோ' என்று தொடங்க விடும்படி பொறுப்பாளர் மர்கரீத்திடம் கேட்டேன். கொஞ்ச நாள் பார்ப்போம் என்றார்.

14 மார்ச்

சாப்பாட்டில் தொடங்கியதும் பாரிஸ் புறநகர் செவ்ரானில் இருக்கும் யோகராணி அக்கா மடை திறந்த மாதிரிக் கதைத்தார். குளியலறைக் கதவைப் பூட்டிக்கொண்டுதான் ஊசி போடுகிறாராம்.

"மகளுக்குக் கலியாணம் பேசுறம் பிள்ளை. தாய்க்குச் சீனி எண்டால் மகளுக்கும் வரும் எண்டு விட்டிட்டுப் போயிடுவினம். ஒருத்தரிட்டையும் மூச்சு விடாதேங்கோ."

விடமாட்டேன் என்றேன். மாப்பிள்ளை எந்தப் பக்கம் என்று சும்மா ஒரு பேச்சுக்குக் கேட்டேன்.

"லா கூர்னெவ். பெடியன்ரை பேர் கிருஷாந்த்."

கிருஷாந்த் என் கணவரின் தம்பி. அந்தக் கலியாணத்தைப் பேசுவது எங்கள் வீடு.

15 மார்ச்

அக்காவை வேறு யாரிடமாவது மாற்றச் சொல்லி மர்கரீத்திடம் கெஞ்சினேன். தமிழ் தெரிந்த ஆள் நான் மட்டும்தானாம். வீட்டில் பேசாமல் இருந்தால் போதுமே என்றார். பேசாமல் இருக்க விடுகிற வீடா இது?

17 மார்ச்

மாமி, என் கணவரின் அம்மா, கேட்டே விட்டார்.

"நீ சீனிக்காரரோடைதானே கதைக்கிறனி. அந்தச் செவ்ரான் ஆக்கள் ஆரும் அதிலை இருக்கினமோ?"

"அதெல்லாம் சொல்லேலாது மாமி."

"அப்ப இருக்கு."

வாயை மூடினாலும் சொன்னதாகத்தான் ஆகிறது. "இல்லை மாமி" என்று பொய் சொன்னேன்.

24 மார்ச்

ரூ பஜோல் பிள்ளையார் கோயிலில் இரண்டு வீட்டாரும் தற்செயலாகச் சந்தித்ததுபோல் சந்தித்தோம். நான் "வணக்கம் அக்கா" என்றேன், அவ்வளவுதான். யோகராணி அக்காவின் முகம் வெளுத்துவிட்டது. குரலில் பிடித்துவிட்டார். அதற்குப் பிறகு என் பக்கம் திரும்பவே இல்லை.

4 ஏப்ரல்

எடுக்கவில்லை. போன வியாழனும் அக்கா போனை எடுக்கவில்லை.

9 ஏப்ரல்

இன்று அக்காவின் போனை மகள் கஜந்தினி எடுத்தாள். பிரெஞ்சில் படபடவென்று கொட்டினாள். அம்மா ஊசிமருந்து எல்லாவற்றையும் குப்பையில் போட்டுவிட்டார். புதுவருசத்துக்கு உங்கள் ஆட்கள் வரும்போது யாராவது பிரிட்ஜைத் திறந்து பார்த்துவிடுவார்களாம். இங்கத்தைக் கணக்கில் நூறை ஒன்று என்பார்கள்; சீனி ஒன்றில் நிற்கவேண்டியது, மூன்றுக்கு மேலே நிற்கிறது. ஆஸ்பத்திரிக்கும் வரமாட்டேன் என்கிறார்.

மாமியிடம் உண்மையைச் சொன்னால் கலியாணமும் போச்சு, வேலையும் போச்சு, அந்த மனுசி பிறகு ஒருத்தரையும் நம்பாது. சொல்லாட்டில் மனுசியே போயிடும். எந்தப் பக்கம் திரும்பிறது நான்? எனக்கேன் இந்த வேலை?

14 ஏப்ரல், புதுவருசம்

செவ்ரானுக்குப் போனோம். கேசரி, பயற்றம் பணியாரம், லட்டு. அக்கா உதடு காய்ந்துபோய், தண்ணீர் மேல் தண்ணீர் குடித்துக்கொண்டு, எங்களுக்குப் பரிமாறிக்கொண்டு நின்றார். மாமி விடுவாரா? ஒரு லட்டை எடுத்து அவர் கையில் வைத்தார்.

"நல்ல நாளிலை நீங்களும் சாப்பிடுங்கோ."

வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா லட்டை வாய்வரை கொண்டுபோய்விட்டார்.

"எனக்கு இனிப்பு வேண்டாம் மாமி," என்றேன். "எனக்குச் சீனி வருத்தம். ஊசி போடுறனான்."

எங்கிருந்து வந்தது அந்தப் பொய் — எனக்கே தெரியவில்லை. என் கணவர் வாயில் பணியாரத்தோடு என்னைத் திரும்பிப் பார்த்தார். எல்லோரும் என்னைப் பார்த்த நேரத்தில் அக்கா லட்டைத் தட்டில் வைத்துவிட்டுக் குசினிக்குள் அடுப்படிப் பக்கம் போனார்.

20 ஏப்ரல்

மாமி ஊருக்கு, சாவகச்சேரிக்குப் போன் எடுத்து, வருத்தத்தை மறைத்துத் தலையில் கட்டிவிட்டீர்கள் என்று என் அம்மாவைக் கிழி கிழியென்று கிழித்தார். அம்மா அழுதுகொண்டே என்னிடம், "எப்பயிருந்தடி உனக்கு?" என்று கேட்கிறார். இவரோ "எனக்கேன் சொல்லேல்லை?" என்றதோடு முகம் கொடுத்துக் கதைப்பதில்லை. பொய் என்று சொல்லலாம்தான். ஏன் சொன்னாய் என்று அடுத்த கேள்வி வருமே, அதற்கு எங்கே போவது? தேத்தண்ணி சீனியில்லாமல் வருகிறது. குடிக்கிறேன்.

நேற்று மாமி சம்பந்தத்துக்கு ஓம் சொல்லிவிட்டார். "எங்கடை வீட்டிலயே ஒண்டை வைச்சுக்கொண்டு, அவையிட்டை என்னத்தைத் துருவிறது?" என்று என் காதில் விழத்தான் சொன்னார்.

25 ஏப்ரல்

இன்று மணி அடித்ததுமே யோகராணி அக்கா எடுத்தார். சாப்பிட்டாச்சோ என்று நான் வாயெடுக்க முதல் அவர் கேட்டார்.

"பிள்ளை, காலமை உங்களுக்குச் சீனி எவ்வளவு?"

"ஒண்டு முப்பது அக்கா," என்றேன், வாய்க்கு வந்ததை.

"நல்லம். எனக்கு ஒண்டு அறுவது. திரும்ப ஊசி வாங்கித் துடங்கீட்டன். நீங்கள் இந்த வயசிலை மாமியாருக்கு முன்னாலை சொல்லேக்கை, எனக்கென்ன கேடு எண்டு யோசிச்சன். உங்களுக்கு அந்த வீட்டிலை கேக்க ஆள் இருக்காது. நான் வியாழனுக்கு வியாழன் கேப்பன். ஊசியை மட்டும் விட்டிடாதேங்கோ, என்னம்மா."

"ஓம் அக்கா," என்றேன்.