உதவித்தொகைக்காக நீ கட்டிய வீடு

என் ஆசை நைனாவுக்கு,

வானகரத்து வீட்டை இடித்துவிட்டார்கள். யார் வாயிலிருந்தோ நீ கேட்பதற்கு முன்னால் நானே சொல்லிவிட வேண்டும் என்றுதான் எழுத உட்கார்ந்தேன்.

நான் கல்லூரியில் சேர்ந்த நாள் உனக்கு நினைவிருக்கும். சேக்காட்டில் நம் தெருவிலிருந்து கல்லூரிக்குப் போன முதல் பெண். ஃபீஸை அரசாங்க உதவித்தொகை பார்த்துக்கொள்ளும் என்று நம்பித்தான் சேர்த்தாய். அந்த விண்ணப்பங்களை மேலே அனுப்புகிற கல்லூரி கிளார்க், உன் கையில் ஒட்டியிருந்த சிமெண்டைப் பார்த்துவிட்டுக் கேட்டான்.

"கொத்தனாரா நீ?"

"ஆமா சார்."

"வானகரத்துல ஊடு கட்டிக்கினு கீறேன். ஞாயித்துக்கிழமைல வந்து வேலை பாரு. உன் பொண்ணு ஸ்காலர்ஷிப்பை நான் பாத்துக்கறேன்."

நீ அவனைக் கும்பிட்டாய். நான் பக்கத்தில்தான் நின்றேன். அவன் மேல் எனக்கு வெறுப்பு பிறந்தது அங்கேதான்.

அதற்குப் பிறகு உனக்கு ஞாயிறு பூசை கிடையாது. விடிந்ததும் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விடுவாய். கூலி இல்லை. சோறுகூட நம் வீட்டிலிருந்துதான். "ஸ்காலர்ஷிப் இன்னா ஆச்சு நைனா?" என்று கேட்டால், "வரும்மா, மேல போய்க்கீதாம்" என்பாய். முதல் வருஷ ஃபீஸுக்கு அம்மா வட்டிக்கு வாங்கினாள். அடுத்த வருஷமும் நீ அதே பதிலைத்தான் சொன்னாய்.

மாடிச் சுவர் எழும்பிக்கொண்டிருந்தபோது சாரம் சரிந்தது. உன்னை ஆஸ்பத்திரியிலிருந்து நாங்கள் உயிரோடு கொண்டுவரவில்லை.

அவன் அடக்கத்துக்குக்கூட வரவில்லை. அம்மா என்னையும் கூட்டிக்கொண்டு அவன் வாசலில் போய் நின்றாள். "யாரும்மா நீ? மேஸ்திரி இட்டுக்கினு வந்த ஆளையெல்லாம் எனக்கு எப்பிடித் தெரியும்?" என்றான். மேஸ்திரியே வைக்காமல் கட்டிய வீடு அது.

அப்புறம் உதவித்தொகை கொடுக்கிற மாவட்ட ஆபீசுக்கு நானே போனேன். அங்கே இருந்த பெண் அதிகாரி தேடிப் பார்த்துவிட்டு, "உன் பேர்ல எதுவுமே வரலியேம்மா" என்றார். அவன் அனுப்பவே இல்லை நைனா. இரண்டு வருஷமும். பணம் வந்துவிட்டால் நீ வேலைக்கு வரமாட்டாய் அல்லவா? வீடு முடிகிறவரை நீ நம்பிக்கொண்டே இருக்க வேண்டும், அவ்வளவுதான் அவனுக்கு.

இது உனக்குத் தெரிந்திருந்தால் என்ன செய்திருப்பாய்? சிமெண்ட் பூசுகிற கரணையை அவன் மேல் வீசியிருப்பாயா? இல்லை, என் படிப்பை நினைத்து வாயை மூடிக்கொண்டிருப்பாயா?

அந்தப் பெண் அதிகாரியின் தயவில் கடைசி வருஷ உதவித்தொகை கிடைத்தது. பட்டம் வாங்கியதும் சர்க்கார் பரீட்சை எழுதினேன். மற்றவர்கள் சம்பளத்துக்காக எழுதினார்கள். நான் அவன் வீடு இருக்கிற பக்கத்துத் தாலுகா ஆபீசுக்குள் போவதற்காகவே எழுதினேன். அஸ்திவாரம் தோண்டியபோது ஏரி மண்ணும் நத்தை ஓடுமாக வந்தது என்று நீ சாப்பிடும்போது சொன்னாயே, அது என் மனசை விட்டுப் போகவே இல்லை. ஆக்கிரமிப்பை எடுக்க அந்த ஏரியை அளக்கச் சொல்லி உத்தரவு வந்ததும் சர்வேயரிடம், "அந்தத் தெருவுலேர்ந்து ஆரம்பிங்க சார்" என்றேன். பொய் எதையும் சேர்க்கவில்லை. வீடு முழுக்க ஏரிக்குள்தான் இருந்தது.

நோட்டீஸ் போனதும் அவன் என் மேஜைக்கே வந்தான். ரிட்டையர் ஆகி, தலை வெளுத்திருந்தது. என்னை அடையாளம் தெரியவில்லை.

"பாத்துப் பாத்துக் கட்டின ஊடும்மா. கொஞ்சம் தயவு பண்ணு."

"யார் கட்டினது?"

"நான்தான்."

"கொத்தனார் பேர் என்ன?"

"அதெல்லாம் யாருக்கு ஞாபகம் கீது?"

"அருளப்பன்," என்றேன். "சேக்காடு அருளப்பன். நான் அவரு பொண்ணு."

இரண்டு கையையும் கூப்பினான். "உங்க வேதத்துல மன்னிக்கச் சொல்லிக்கீதேம்மா" என்றான்.

"அதைக் கோயில்ல போய்க் கேளுங்க. நோட்டீஸ்ல போட்ட தேதிக்குள்ள ஊட்டைக் காலி பண்ணுங்க."

இடித்த அன்று லீவு போட்டுவிட்டுப் போய் நின்றேன். முன்பக்கம் சீக்கிரமே விழுந்தது. பின்சுவர் அசையவில்லை. புல்டோசர் ஓட்டியவர் இறங்கி வந்து, "எவன்யா கட்னது? மலையாட்டம் நிக்குது!" என்று கத்தினார். 'எங்க நைனா' என்று வாய்வரை வந்துவிட்டது. அவன் நடுத்தெருவில் உட்கார்ந்து அழுதான். நான் அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். இனித்தது நைனா. உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது?

அம்மாதான் அன்றைக்குச் சாப்பிடவில்லை. "அவன் ஊட்டையா இடிச்ச? உங்க நைனா கையால வெச்ச கல்லுடி அது" என்றாள். உனக்கும் வலித்ததா?

வலித்திருந்தாலும் நான் நிறுத்தப்போவதில்லை. அவன் வீட்டுக்கு ஜன்னல் செய்த வெள்ளானூர் ஆசாரியைக் கண்டுபிடித்துவிட்டேன். ஒயர் இழுத்தவரையும். அவர்கள் பிள்ளைகளும் அதே கல்லூரியில் உதவித்தொகைக்குக் காத்துக் கிடந்தவர்கள்தான். அவன் மேல் நான் கொடுத்திருக்கிற புகாரின் விசாரணையில் இருவரும் வந்து பேசுவதாகச் சொல்லியிருக்கிறார்கள். அவன் பென்ஷன் நிற்கிறவரை, உன்னைத் தெரியாது என்று சொன்ன அதே வாயால் உன் பேரை எல்லார் முன்னாலும் சொல்கிறவரை, நான் விடமாட்டேன். இது சத்தியம்.

நீ வேறு எது கேட்டாலும் செய்கிறேன். அவனை மன்னிக்கச் சொல்லி மட்டும் என் கனவில் வராதே.

உன் கோபத்தையும் சேர்த்துச் சுமக்கிற மூத்த மகள்,
ஸ்டெல்லா