ஒரே தண்ணீருக்கு இரண்டு எடை

1998 பிப்ரவரி 14, சனி. ரிச்சர்ட்சன்

காலையில் குளிர் காற்று, பிறகு நல்ல வெயில். நான் டீச்சராக இருந்தபோது ஒன்பதாம் வகுப்பில் ஒரு பெண் ஒருமுறை கேட்டாள்: "டீச்சர், வண்டியில பின்பாரம் ஏறுனா மாட்டை ஏன் மேல தூக்குது?" மேஜைமேல் டஸ்டரை வைத்து, அதன் குறுக்கே ஸ்கேலை வைத்து, ஒரு முனையில் சாக்பீஸ் டப்பாவை ஏற்றிக் காட்டினேன். வகுப்பே சிரித்தது.

இப்போது அதே பாடம் அமெரிக்காவில், மகள் வீட்டுப் பின்புறத்தில். பிக்கப் வண்டியின் முதுகில் ஏற்றும் கேம்பர் ஒன்று அங்கே நாலு இரும்புக் கால்களில் நிற்கிறது. படுக்கை, அடுப்பு, தொட்டி எல்லாம் உள்ள ஓர் அறை. பக்கத்து வீட்டுக்காரர் ஊர் மாறும்போது என் கணவருக்குக் கொடுத்துவிட்டுப் போனார். குளிர்காலம் முழுக்க இவர் அதன் ஒழுகலை அடைத்தார். இனி அதைச் சுமந்துகொண்டு நாங்கள் இருவரும் ஒரு வருஷம் நாடு சுற்ற ஒரு பழைய பிக்கப் வேண்டும். பாரம் பின் அச்சுக்குச் சற்று முன்னால் விழ வேண்டும். பின்னால் விழுந்தால் மாடு மேலே போன கதைதான்.

இன்று பார்த்தது 'அரை டன்' ரக வண்டி; ரகத்தின் பெயர்தான் அது, தாங்கும் பாரம் வேறு. நல்ல சிவப்பு. கதவோரம் ஒட்டிய சீட்டில் மொத்த எடை வரம்பு இருக்கும். அதில் வண்டியின் சொந்த எடையைக் கழித்தால் 1,400 பவுண்டுதான் மிச்சம். கேம்பர் மட்டுமே 2,200. வேண்டாம் என்றேன். இவர் முகம் வாடவில்லை. "கணக்கு உன்ர டிபார்ட்மென்ட்."

பிப்ரவரி 17, செவ்வாய்

சாம்பாரில் உப்பு இரண்டு தடவை. யாரும் சொல்லவில்லை.

வசந்தி ஆபீஸிலிருந்து வந்து ஷூவைக்கூடக் கழற்றாமல் கேட்டாள்: "அம்மா, நித்யாவ டேகேர் வெயிட்லிஸ்ட்ல போடட்டுமா? இல்ல நீங்க போறத டிசைட் பண்ற வரைக்கும் இருக்கட்டுமா?"

"இருக்கட்டும்" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன்?

குழந்தைக்கு நாலு வயது. மத்தியானம் நர்சரியிலிருந்து நான்தான் அழைத்து வருகிறேன், நான்தான் சோறு ஊட்டுகிறேன். நாங்கள் போனால் மகள் வ. மூன்று மணிக்கு மீட்டிங்கிலிருந்து எழுந்து ஓட வேண்டும். மாப்பிள்ளை வாரத்தில் பாதி நாள் வெளியூர்.

மறுபக்கம் இவர். வங்கி வேலை, மூன்று வருஷத்துக்கு ஓர் ஊர், லாட்ஜ் சாப்பாடு. நான் கோபியில் பள்ளிக்கூடத்தோடு. சேர்ந்து இருக்கத் தொடங்கியதே ரிடையர் ஆன பிறகு. அதுவும் மகள் வீட்டில், அடுத்த அறையில் குரல் கேட்குமோ என்று மெல்லப் பேசிக்கொண்டு.

பிப்ரவரி 21, சனி

ராகு காலம் கழித்துக் கிளம்பி கார்லண்டு போய்ச் சேர்ந்தோம். முக்கால் டன் வண்டி. பத்து வருஷம் பழசு. விற்பவர் ஒரு வெள்ளைக்காரப் பெரியவர். நாங்கள் வருமுன் எஞ்சினைச் சூடாக்கி வைக்கவில்லை, பானெட் ஜில்லென்று இருந்தது. சூடான எஞ்சினில் கிளம்பும் கோளாறு மறைந்துவிடும்; நேர்மையான மனிதர். ஒரே சாவித் திருப்பலில் கிளம்பியது. கியர் எண்ணெய் சிவப்பு, கருகல் வாசனை இல்லை. இவர் கீழே படுத்துப் பார்த்தார், சட்டத்தில் துரு இல்லை. பின்தட்டு எட்டடி நீளம், கேம்பர் சரியாக உட்காரும். தாங்கும் பாரம் 3,300.

பானெட் மேல் காகிதத்தை வைத்துக் கூட்டினேன். கேம்பர் 2,200. நல்ல தண்ணீர் 250. கழிவுநீர் 250. கேஸ், பேட்டரி 150. அரிசி, கிரைண்டர், பாத்திரம், துணி 300. நாங்கள் இருவர் 270. ஆக 3,420.

"தாங்காதுங்க."

இவர் காகிதத்தை மடித்துப் பையில் வைத்தார். பெரியவரிடம் கைகொடுத்தார். திரும்பும்போது வண்டியை இரண்டு தடவை பார்த்தார்.

கழிவுநீர் என்று எழுதும்போதே தெரியும். குழாயைத் திறந்தால் மேல்தொட்டி குறையும், கீழ்த்தொட்டி நிறையும். இரண்டும் ஒரே தண்ணீர், ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் இருக்காது. ஆறாம் வகுப்புப் பிள்ளை இதைச் செய்தால் சிவப்பு மையில் வட்டம் போட்டிருப்பேன். சரியாகக் கூட்டினால் 3,170. வண்டி தாங்கும்.

பிப்ரவரி 24, செவ்வாய்

மாவு புளிக்கவில்லை. மழை. நித்யாவுக்கு லேசான சளி.

இவர் விளம்பரத் தாளில் வட்டம் போட்டுக்கொண்டே இருக்கிறார். "ஒரு டன் வண்டிதான் பாக்கோணும் போல" என்கிறார், என் கணக்கை நம்பி. ஒரு டன் வண்டி கிடைப்பது அரிது. கிடைக்காமல் நாள் ஓடும். அதைத்தானே விரும்பினேன்? சொல்லப் போனேன். குழந்தை இருமினாள், எழுந்துவிட்டேன். இருமல் சின்ன இருமல்.

பிப்ரவரி 27, வெள்ளி

இரவுச் சாப்பாடு. கார்லண்டு வண்டியை ஏன் விட்டோம் என்று இவர் மாப்பிள்ளைக்கு விளக்கினார். ஒவ்வொரு எடையாக, மனப்பாடமாக. நல்ல தண்ணீர் இவ்வளவு, கழிவுநீர் இவ்வளவு.

வ. ரசத்தைக் கலக்குவதை நிறுத்தினாள். "இருங்கப்பா. தண்ணிய ரெண்டு தடவ ஆட் பண்ணியிருக்கீங்க."

"நானில்ல கண்ணு. உங்கம்மா."

"அம்மாவா?" என்னைப் பார்த்தாள். அவளுக்குப் பத்தாம் வகுப்பு ஃபிசிக்ஸ் எடுத்தவள் நான். "அம்மா இந்த மிஸ்டேக் பண்ண மாட்டாங்களே."

மாப்பிள்ளை மோரை எடுத்து ஊற்றிக்கொண்டார். நான் அப்பளம் பொரிக்க எழுந்து போனேன். அப்பளம் ஏற்கெனவே மேஜையில் இருந்தது.

பிப்ரவரி 28, சனி

காலையில் இவர் கார்லண்டுக்குப் போன் செய்தார். புதன்கிழமையே விற்றுவிட்டதாம்.

போனை வைத்துவிட்டு விளம்பரத் தாளை மடித்து வைத்தார். பிறகு கேட்டார்: "பசங்க மார்க்க எப்பவாச்சும் மாத்திப் போட்டிருக்கியா சரோ?"

"இல்லீங்க."

"பாசாகாம ஒருத்தன் அழுதானே, அப்பக்கூட?"

"இல்லீங்க."

"அப்ப என்ர கணக்க மட்டும் ஏன்?"

வசந்திக்காக என்று சொல்லியிருக்கலாம். அது பாதிதான் உண்மை. எனக்குக் 'குழந்தையை விட்டுட்டுப் போனா' என்று பெயர் வந்துவிடுமோ என்ற பயமும் இருந்தது. வேண்டாம் என்று என் வாயால் சொல்லத் தைரியமில்லாமல் வண்டியைச் சொல்ல வைத்தேன்.

மதியம் இவர் தனியே கேம்பரைத் துடைத்துக்கொண்டிருந்தார். உதவிக்குப் போனேன். துணியைக் கொடுத்துவிட்டு மறுபக்கம் போய்விட்டார்.

மார்ச் 1, ஞாயிறு

டிரையர் சூட்டோடு துணி மடித்தோம், வ.வும் நானும்.

"எனக்காகத்தான?" என்றாள்.

"நீ ஒண்ணும் சொல்லலியே கண்ணு."

"போகாதீங்கன்னு சொல்லல. போங்கன்னும் சொல்லல." ஒரு குட்டி சாக்ஸுக்கு ஜோடி தேடினாள். "எனக்கு ஈஸியா இருந்துச்சும்மா. வீட்டுக்கு வந்தா சோறு, குழந்தை தூங்கிட்டிருப்பா. ஏன் டிஸ்டர்ப் பண்ணோணும்னு இருந்துட்டேன். டேகேர்ல ஏப்ரல்ல இடம் இருக்காம். இன்னைக்கு மெசேஜ் விட்டுட்டேன்."

"உனக்குக் கஷ்டம் இல்லையா?"

"கஷ்டந்தான். அதுக்கு அப்பா என்ன பண்ணுவாரு?"

இருவரும் அழவில்லை. சாக்ஸ் ஜோடி கடைசிவரை கிடைக்கவில்லை.

இரவு இவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன், பயம் உட்பட. கேட்டுக்கொண்டார். "வர்ற சனிக்கிழமை பிளேனோவுல ஒரு வண்டி பாக்கப் போலாம். நீயே கூட்டு" என்றார்.

மார்ச் 7, சனி

தெளிந்த வானம், காற்று அதிகம். பிளேனோ வண்டி. இதுவும் முக்கால் டன், முன்பக்கம் இரண்டு வரிசை இருக்கை. நீல நிறம், ஒரு கதவில் சொட்டை. துரு இல்லை, பாரம் தாங்கும் பின் வில்பட்டைகள் தொய்யவில்லை. டயர் மட்டும் மாற்ற வேண்டும், பாரம் தாங்கும் ரகமாக. விற்பவரும் கேம்பர் சுமந்தவர். "ஏற்றி, எடை போட்டுப் பார்த்துவிட்டு வந்து பேசுங்கள்" என்று சாவியைக் கொடுத்தார்.

கேம்பரின் கால்களுக்கு நடுவே இவர் வண்டியைப் பின்னோக்கிச் செலுத்தினார். மாப்பிள்ளை கை காட்டினார். தொட்டி நிறையத் தண்ணீர். அரிசி மூட்டை, கிரைண்டர், எல்லாம். லாரிகள் நிற்கும் இடத்து எடை மேடைக்குப் போனோம். வ. "நானும் பாக்கோணும்" என்று நித்யாவோடு பின்னிருக்கையில். மாப்பிள்ளை வீட்டிலேயே இருந்துகொண்டார்.

கதவுச் சீட்டில் வரம்பு 8,600. மேடையில் வந்தது 8,640. இவர் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

எனக்கு வந்தது நிம்மதி. வெட்கமில்லாமல் வந்தது. எழுதி வைக்கிறேன்.

"இருங்கப்பா, நாங்களா கூட வரப்போறோம்?" வ. கதவைத் திறந்தாள். நித்யாவைத் தூக்கிக்கொண்டு மஞ்சள் கோட்டுக்கு வெளியே போய் நின்றாள். "இப்பப் போடச் சொல்லுங்க."

"அம்மிச்சி, வொய் ஆர் வீ அவுட்?" என்று குழந்தை என்னைப் பார்த்துக் கத்தியது காற்றில் வந்தது.

8,480. பின் அச்சும் வரம்புக்குள்.

இவர் சீட்டை என் பக்கம் நீட்டினார். "சரியா பாரு."

இரண்டு தடவை பார்த்தேன். "சரிங்க. தாங்கும். கிரைண்டர வசந்திக்கே விட்டுட்டுப் போலாம்."

பழைய வண்டி எடுக்கும் யாருக்கும் சொல்வது: எடை மேடையில் ஏறுமுன், கூட வராதவர்களை இறக்கிவிடு.