ஒரு மாதிரியான பையன்

மார்ச் 4, திங்கள்

மூன்று வாரத்துக்குப் பிறகு இன்று கடையைத் திறந்தோம். பனி உருக்கும் உப்பு மூட்டையும் பனி அள்ளும் மண்வாரியும் வழக்கம்போல விற்றன. ஆணி வாங்க வந்தவர் முதல் ஆளுக்காள் ஒரே பேச்சு: "பாவம், அந்தப் பையனுக்கு மூளை கலங்கிப்போச்சு."

பாவமாம்! போன மாதம் நகராட்சி நீச்சல்குளத்தில் பெண்கள் பயிற்சி வகுப்புக்குத் துப்பாக்கியோடு போனான் கோரி. தரை துடைத்துக்கொண்டிருந்த ஆம்பளையைப் பார்த்து "நீ போயிடு" என்று வெளியே அனுப்பினான். அப்புறம் ஐந்து பெண்களைச் சுட்டான், கடைசியில் தன்னையும். நான்கு வருடம் எங்கள் கடையில் பெயிண்ட் கலந்து கொடுத்தவன். செத்தவர்களில் ஒருத்தி ஜோலின், எங்கள் கல்லாவில் இருந்தவள். இருபத்துமூன்று வயது.

ஆண் ஒருவனை மட்டும் பிரித்து வெளியே அனுப்பத் தெரிந்த மூளை, கலங்கிய மூளையா?

மார்ச் 6

தம்பி ரஸ்ஸல் காலையில் பக்கத்து வீட்டு வாசலில் பனி அள்ளப் போனான். ஒன்பது வருடமாக அள்ளுகிறான். அந்த அம்மாள் கதவைத் திறக்காமலே "இனிமே வேண்டாம்ப்பா" என்றாளாம். அவனுக்கு மனச்சிதைவு என்பது ஊருக்கே தெரியும். மாதம் ஒரு ஊசி, தினமும் மாத்திரை. ஒரு ஈயைக்கூட அடித்ததில்லை.

கோரிக்கு ஒரு நோயும் இருந்ததாக எந்த டாக்டரும் சொல்லவில்லை. ஆனால் கதவு சாத்தியது என் தம்பிக்கு.

மார்ச் 8

மதியச் சாப்பாட்டு அறையில் சண்டை. மேலாளர் கார்டன் சாண்ட்விச்சை மென்றபடி, "புத்தி சரியா இருக்கிற எவனாவது இப்படிச் செய்வானா? வியாதிதான்" என்றார்.

ஜோலினோடு கல்லாவில் இருந்த கேசி எழுந்துவிட்டாள். "வியாதிக்காரன் ஆறு மாசம் திட்டம் போடுவானா சார்? அவனுக்குப் பொம்பளைங்கன்னா ஆகாது. இதே மேஜையில உக்காந்து எங்களைப் பத்தி என்னென்ன பேசினான்! கேட்டுட்டு எல்லாரும் சிரிச்சீங்கல்ல?"

"விளையாட்டுக்குப் பேசினதும்மா."

"அஞ்சு பேர் செத்துட்டாங்க சார்."

கேசி என்னையே பார்த்தாள். நான் தட்டைக் கழுவப் போனேன்.

மார்ச் 10, ஞாயிறு

எழுதித்தான் ஆகவேண்டும். இதில்கூடப் பொய் எழுதினால் நான் எதில்தான் உண்மை பேசப்போகிறேன்.

நவம்பரில் ஜோலினும் கேசியும் என்னிடம் வந்தார்கள். நான்தானே கண்காணிப்பாளர். கோரியோடு வெளியே போக ஜோலின் மறுத்திருந்தாள். அன்றிலிருந்து அவள் கார் பக்கத்திலேயே நிற்கிறான். "உங்களையெல்லாம் ஒருநாள் வரிசையா நிக்க வைப்பேன்" என்றானாம். ஜோலினின் கை நடுங்கியது. பார்த்தேன். பார்த்துவிட்டு நான் சொன்னது: "அவன் கொஞ்சம் ஒரு மாதிரி. கண்டுக்காதம்மா, சிரிச்சுட்டுப் போயிடு."

எழுதி வைக்கவில்லை. மேலே சொல்லவும் இல்லை. விற்பனைக் காலம், பெயிண்ட் பிரிவில் வேறு ஆள் இல்லை.

சாப்பாட்டு அறையில் அவன் பேசியபோது நானும் சிரித்திருக்கிறேன். ஒருதடவை இல்லை. சீ, நானும் ஒரு பொம்பளையா?

ஆகஸ்ட் 29

அடுத்த மாதம் மரண விசாரணை. சாட்சி சொல்ல எனக்கும் அழைப்பு. கார்டன் தன் அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். "மார்லீன், அவனுக்கு மனநோய், வெளியில தெரியல. அவ்வளவுதான் சொல்லு. உன் தம்பியே அப்படி இருக்கான், நீ சொன்னா எடுபடும்."

எழுந்து வந்தேனே தவிர, மாட்டேன் என்று சொன்னேனா? இல்லையே.

அந்த ஒரு வார்த்தை எவ்வளவு வசதி! நோய் என்றால் கடை தப்பும், ஊர் தப்பும், நான் தப்புவேன்.

செப்டம்பர் 15, ஞாயிறு

சூப் குடித்துக்கொண்டிருந்தபோது ரஸ்ஸல் கேட்டான். "அக்கா, கோரிக்கும் குரல் கேட்டுச்சா?"

"கேக்கலைன்னுதான் சொல்றாங்க."

"எனக்குக் கேக்கற குரல் என்னைத்தான் திட்டும். மத்தவங்களைக் கொல்லுன்னு ஒருநாளும் சொன்னதில்ல." பிறகு, "நீ விசாரணைக்குப் போய் என்ன சொல்லப்போற?" என்றான்.

அவனிடம் நவம்பர் கதையைச் சொன்னேன். ஸ்பூனைக் கீழே வைத்துவிட்டு எழுந்து தன் அறைக்குப் போய்விட்டான்.

செப்டம்பர் 17

சொல்லிவிட்டேன்.

எனக்கு முன்னால் சாட்சி சொன்னவர் மனநல மருத்துவர். கோரியின் கணினியில் இருந்ததையெல்லாம் படித்தவர். "இதுல பித்து எதுவும் தெரியல. வெறுப்பு இருக்கு, கணக்காத் திட்டம் இருக்கு. நோய் இருந்திருந்தாலும் யாரைக் கொல்லணும்னு நோய் சொல்லித் தராது" என்றார்.

பிறகு நான். ஜோலின் வந்தது, அவன் சொன்ன வார்த்தை, நான் சொன்ன வார்த்தை, சிரித்தது, கார்டன் சொல்லச் சொன்னது, எல்லாம். முன்வரிசையில் ஜோலினின் அம்மா வெர்னா. முடிந்ததும் வெளித் தாழ்வாரத்தில் என் எதிரே வந்து நின்றாள். அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருக்கலாம்.

"சிரிச்சுட்டுப் போயிடுன்னா சொன்னே?" என்று மட்டும் கேட்டாள்.

செப்டம்பர் 20

வேலை போயிற்று. காரணம் 'ஆட்குறைப்பு'. ஒரே ஒரு ஆள் குறைப்பு.

அக்டோபர் 11

மரண விசாரணை நடுவர்களின் தீர்ப்பில் 'பெண்கள் என்பதாலேயே கொல்லப்பட்டார்கள்' என்றே இருக்கிறது. ஊர்ப் பத்திரிகையில் மட்டும் கோரி இன்னும் 'மனம் பாதித்த இளைஞன்'. கூடவே அவன் பள்ளிக்கூடப் படம், சிரிக்கிறான். தாளைக் கசக்கிப் போட்டேன்.

நவம்பர் 8

வெர்னா வீட்டுக்கு வந்தாள். கதவைத் திறந்தவன் ரஸ்ஸல். அவனுக்கு வணக்கம் சொன்னாள், எனக்குச் சொல்லவில்லை.

"கடை மேல வழக்குப் போடறேன். உன் மேலயும்தான். அன்னிக்கு அங்க சொன்னதை எழுதிக் குடுப்பியா?"

சமையலறை மேஜையில் உட்கார்ந்து எழுதினேன். அவள் உட்காரவில்லை, மேலங்கியையும் கழற்றவில்லை. முடித்ததும் வாங்கி ஒவ்வொரு வரியாகப் படித்தாள். ஓர் இடத்தில் விரலை வைத்தாள். "அவ கை நடுங்குச்சுன்னு அன்னிக்குச் சொன்னியே. அது இதுல இல்ல."

அதையும் சேர்த்துக் கையெழுத்துப் போட்டேன்.